வாங்கும் முன் ரிவ்யூ வாசிப்பது எப்படி: வால்கிரியா கிரானிக்கிள்ஸ் 2-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

போர்க்களத் தந்திர ஆர்பிஜி (பாத்திரங்களை வளர்த்து ஆடும் கேம்) ஒன்றின் முதல் பாகத்தை ரசித்து ஆடிவிட்டு, அடுத்ததை வாங்கலாமா என்று தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது ஸ்கோர்தான். அதைக் கடைசியில் பாருங்கள். சேகாவின் வால்கிரியா கிரானிக்கிள்ஸ் 2008-ல், டிவியில் மாட்டி ஆடும் பிஎஸ்3-க்கு வந்தது. இரண்டாம் பாகம் 2010-ல், கையில் பிடித்து ஆடும் பிஎஸ்பிக்கு வந்தது. ரிவ்யூ ஸ்கோர்களைத் தொகுத்து 100-க்குச் சராசரி தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இரண்டுமே 80களில் நிற்கின்றன. ஆனால் முதல் பாகத்தைக் கொண்டாடியவர்களில் பலர் இரண்டாவதைப் பாதியில் வைத்துவிட்டார்கள். அந்தப் பிளவு ஏன் வந்தது என்பது ரிவ்யூக்களின் வரிகளுக்குள் இருக்கிறது. அதை எடுக்கத்தான் இந்த முறை.

ஒரு நோட்டும் ஒன்றரை மணி நேரமும் போதும். ஆறு ரிவ்யூ எடுங்கள்: மிக உயர்ந்த ஸ்கோர் கொடுத்தவை 2, மிகக் குறைவாகக் கொடுத்தவை 2, நடுவில் நிற்பவை 2. உயர்ந்ததை மட்டும் வாசித்தால் விளம்பரம் வாசித்த மாதிரி. தாழ்ந்ததை மட்டும் வாசித்தால் ஒருவருடைய கோபத்தை வாசித்த மாதிரி. நடுவில் உள்ளவைதான் பெரும்பாலும் உபயோகமான விவரம் தருகின்றன. அதை எழுதியவர் பிடித்ததையும் பிடிக்காததையும் விளக்கியே ஆக வேண்டும்.

முதல் வேலை, ரிவ்யூவின் தேதியையும் மெஷினையும் குறித்துக்கொள்வது. முதல் பாகத்துக்கு 2008-ன் பிஎஸ்3 ரிவ்யூக்கள் உண்டு, 2014-ல் பிசி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்துக்கு வந்தபோது எழுதியவை உண்டு, 2016-ன் பிஎஸ்4 பதிப்புக்கானவையும் உண்டு. மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் பிசிக்கு மாற்றிய பதிப்பின் தரத்தைப் பற்றிய பேச்சு கேமைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். நான்காம் பாகம் 2018-ல் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், பிசி நான்குக்கும் வந்தது. அதிலும் இதே கவனம் வேண்டும். மூன்றாம் பாகம் 2011-ல் ஜப்பானில் மட்டும் வெளியானது.

இனி முக்கியமான வேலை. ஒவ்வொரு குறையையும் ஒரு வரியில் எழுதி, எதிரே அதன் காரணத்தை எழுதுங்கள். காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: மெஷினின் வரம்பு, கேமின் வடிவமைப்பு, அல்லது எழுதியவரின் ருசி.

இரண்டாம் பாகத்தைப் பற்றி அடிக்கடி வந்த குறை, மேப்கள் சின்னவை, திரும்பத் திரும்ப வருகின்றன என்பது. காரணம் மெஷினில் தொடங்குகிறது. முதல் பிஎஸ்பியின் மெமரி 32 எம்பி, அதன் கேம்கள் வரும் யூஎம்டி என்ற சின்ன டிஸ்க்கில் அடங்குவது 1.8 ஜிபி. பிஎஸ்3-ல் ஓடிய பெரிய களத்தை அப்படியே அதற்குள் ஏற்ற வழியில்லை. அதனால் ஒரு களத்தைத் துண்டு துண்டான ஏரியாக்களாக வெட்டி, முகாம்கள் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்படி செய்தார்கள். அதே துண்டுகளே வேறு மிஷனிலும் வந்து நிற்கின்றன.

இது ஏன் வலிக்கிறது என்பது நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு எளிதில் புரியும். ஆரல்வாய்மொழி கணவாயை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒரே வழி. அதைப் பிடித்தவன் கையில் நாஞ்சில் நாடு. முதல்முறை அந்த மேப்பில் இறங்கும்போது ஸ்கவுட்டை (வேவு பார்க்கும், வெகுதூரம் ஓடும் வீரரை) எந்தப் பக்கம் அனுப்புவது, டாங்கியை எங்கே நிறுத்துவது என்று மண்டையைப் போட்டுக் குழப்புவீர்கள். தந்திர கேமின் சுகமே அந்தக் குழப்பம்தான். நான்காம் முறை அதே கணவாய் வரும்போது எதிரி எங்கே ஒளிந்திருப்பான் என்பது தெரிந்துபோகும், யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ‘மேப் ரிப்பீட்’ என்ற புகாரைப் பார்த்தால், எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு அலுத்தது என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். எழுதாத ரிவ்யூவுக்குப் பாதி மதிப்பெண்தான் கொடுக்கலாம்.

அதே சின்ன ஏரியாவை ஆடுகிறவர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். வடசேரியில் பஸ் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்குவதற்குள் ஒரு மிஷனை முடிக்க நினைப்பவருக்கு, வெட்டிய மேப் குறையே இல்லை. சோபாவில் உட்கார்ந்து பெரிய டிவியில் ஆடிய நினைவோடு வந்த விமர்சகருக்கு அது இழப்பு. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். உங்கள் இருக்கை எது என்பதை நோட்டில் எழுதிவிட்டுத் தொடருங்கள்.

அடுத்தது வடிவமைப்பிலிருந்து வரும் குறை. இரண்டாம் பாகத்தின் கதை 1937-ல், லான்சீல் ராணுவ அகாடமியில், மாதம் மாதமாக நகர்கிறது. ஒவ்வொரு மாதமும் பல மிஷன்களை முடித்தால்தான் மாதக் கடைசியின் பெரிய மிஷன் திறக்கும். வீரர்களை மேல்நிலை வகுப்புக்கு (ஸ்கவுட் போன்ற வீரர் வகைக்கு) ஏற்ற, மிஷனுக்குப் பின் கிடைக்கும் கிரெடிட்கள் வேண்டும். எது யாருக்குக் கிடைக்கும் என்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. எனவே ஒரே மிஷனைத் திரும்ப ஓட்ட வேண்டி வருகிறது. இதற்கு மெஷினைக் குறை சொல்ல முடியாது, இது எடுத்த முடிவு. பாராட்டும் இங்கிருந்தே வந்தது என்பதைக் கவனியுங்கள். வகுப்புகள் கிளை விட்டுப் பிரிவதையும் ஆட நிறைய இருப்பதையும் பலர் மெச்சினார்கள். ஒரே அம்சம் ஒருவருக்குப் பிளஸ், இன்னொருவருக்கு மைனஸ் என்றால், நோட்டில் அதற்கு நட்சத்திரம் போடுங்கள். நீங்கள் முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாவது ருசி. முதல் பாகம் 1935-ல் ஒரு சிறு கற்பனை நாட்டின் மேல் படையெடுப்பு நடப்பதைச் சொன்னது. டார்க்சன் இனத்தவர் மீதான வெறுப்பையும் அது முகம் திருப்பாமல் காட்டியது. இரண்டாம் பாகத்திலும் உள்நாட்டுப் போரும் அதே வெறுப்பும் உண்டு. ஆனால் மேலே பள்ளிக்கூட விளையாட்டுத்தனம் பூசியிருக்கிறார்கள். மாணவர்களின் கேலிக்கும் களத்தின் சாவுக்கும் ஒட்டவில்லை என்ற வருத்தம் நியாயமானது. பள்ளிக்கூட அனிமே பிடித்தவருக்கு அந்த வருத்தமே வராது. நான்காம் பாகத்தின் மேலும் இதே வகைக் குறை எழுந்தது.

ரிவ்யூ எழுதியவர் கேமை உள்ளே போய்ப் பார்த்தாரா என்று சோதிக்க ஒரு நல்ல உரைகல் உண்டு. முதல் பாகத்தில் மிஷனுக்குக் கிடைக்கும் ரேங்க், எத்தனை டர்னில் (நீங்களும் எதிரியும் மாறி மாறி ஆடும் முறையில்) முடித்தீர்கள் என்பதை மட்டுமே பார்த்தது. எத்தனை எதிரியை வீழ்த்தினீர்கள், எவ்வளவு பத்திரமாகப் படையை நடத்தினீர்கள் என்பதற்கு மதிப்பில்லை. அதனால் கதாநாயகி ஆலிசியா போன்ற ஒரு ஸ்கவுட்டுக்கு வலிமை கூட்டும் ஆர்டர்களை அடுக்கிக் கொடுத்து, வீரரை நகர்த்தச் செலவாகும் கமாண்ட் பாயின்ட்களையெல்லாம் அவளுக்கே செலவழித்து, எதிரி முகாம்வரை ஓடவிட்டு அதைப் பிடிப்பதே லாபம் என்றாகிவிட்டது. டாங்கியைத் தகர்க்கும் லான்சரும் நம் டாங்கியும் பின்னால் சும்மா நிற்கும். டாங்கியை நகர்த்தவே ஒரு முறைக்கு 2 பாயின்ட் போகும். இந்த ஓட்டையைத் தொடாமல் ‘ஆழமான தந்திரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் சில மணி நேரமே ஆடியிருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம். நான்காம் பாகத்தில் டாங்கிக்கு 1 பாயின்ட் போதும், தூரத்திலிருந்து குண்டு வீசும் கிரெனேடியர் என்ற புது வகுப்பும் சேர்ந்தது. ரேங்க் மட்டும் இன்னும் டர்ன் கணக்கில்தான். ‘முதல் பாகத்தின் ருசிக்குத் திரும்பிவிட்டது, ஆனால் பெரிதாக மாறவில்லை’ என்று அதைப் பற்றி வந்த பேச்சின் இரண்டு பாதியும் இங்கே விளங்கிவிடும்.

இப்போது ஸ்கோருக்கு வரலாம். மெட்டாகிரிட்டிக் எல்லா ரிவ்யூவுக்கும் ஒரே எடை கொடுப்பதில்லை. ஜப்பானின் ஃபமிட்சு இதழில் நான்கு பேர் ஆளுக்கு 10-க்குப் போட்டு 40-க்குக் கூட்டுவார்கள். ஸ்டீமில் தெரியும் சதவீதம், எத்தனை பேர் பரிந்துரைத்தார்கள் என்பதுதான், எவ்வளவு பிடித்தது என்பதல்ல. 90 சதவீதம் என்றால் பத்தில் ஒன்பது பேர் ‘பரவாயில்லை’ என்று சொன்னதாகவும் இருக்கலாம். அங்கே ஒவ்வொரு ரிவ்யூவிலும் ஆடிய மணி நேரம் தெரியும். 20 மணிக்குக் குறைந்தவற்றைத் தள்ளிவிட்டு வாசியுங்கள்.

பேரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2017-ல் மேற்கு நாடுகளில் வெளியான வால்கிரியா ரெவல்யூஷன் சாட்சி. தொடரின் பேர் இருந்தது, டர்ன் முறை போய் ஆக்‌ஷன் வந்தது. ஸ்கோர் 50களுக்கு இறங்கியது.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சண்டையின் நடுவில் சேவ் செய்ய முடியுமா? இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும், காற்றடித்தால் கரண்ட் போகும். ஒரு மணி நேரம் நீளும் மிஷன் பாதியில் அணைந்தால் அன்றைய ஆட்டம் வீண். முதல் பாகத்திலும் நான்காவதிலும் உங்கள் டர்னில், கமாண்ட் திரையில் இருக்கும்போது சேவ் செய்யலாம். டர்னை முடிக்கும் முன் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் பாகத்தை ஸ்டீமில் வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். ஆட்கள் சறுக்குவது இங்கேதான். தொடக்கத்தில் கதைக் காட்சிகள் நீளம். கேமைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் நேரம் ஓடும். இரண்டு மூன்று சண்டை முடிந்ததும் மூடிவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாம் பாகம் பிசிக்கு வரவில்லை. பழைய யூஎம்டியாகத் தேடினால், பிஎஸ்பி கேம்களுக்கு ரீஜன் பூட்டு இல்லாததால் எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். ஜப்பான் டிஸ்க்கில் எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும். இத்தனை கதை பேசும் கேமுக்கு அது ஆகாது, அட்டையில் ஆங்கிலம் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். யூஎம்டியின் பிளாஸ்டிக் கூடு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். பிரிந்த டிஸ்க் உள்ளே சரியாக உட்காராது. பிஎஸ்பியையும் பழையதாகவே வாங்குவதானால் பேட்டரி மூடியைக் கழற்றுங்கள். மூடி பிதுங்கி நின்றால் பேட்டரி ஊதியிருக்கிறது, அந்த பேட்டரியோடு வாங்காதீர்கள்.