பழைய மாருதி 800: பழுது பார்ப்பதா, பிரித்து விற்பதா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

வேலூர், குடியாத்தம் பக்கம் இன்னும் பல வீட்டு வாசலில் ஒரு மாருதி 800 நிற்கிறது. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனம் வராது. எங்கேயாவது இடித்தோ வெள்ளத்தில் மாட்டியோ படுத்துவிட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, பாடி வேலை மட்டும் பார்த்தா போதும்" என்பது அதில் அடிக்கடி காதில் விழுவது. பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேஸிஸ். 796 சிசி எஞ்சினை இறக்கி வேலை பார்க்க ஊருக்கு ஊர் மெக்கானிக் உண்டு, பழைய எஞ்சினும் தேடினால் கிடைக்கும். துரு தின்ற தரைத்தகடு அப்படியல்ல. ஆகவே பானெட்டைத் திறக்கும் முன் உள்ளே போட்டிருக்கும் மேட்டையும் கார்ப்பெட்டையும் தூக்குங்கள். ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். மொத்தையாகச் சத்தம் வந்தாலோ, முனையால் அழுத்தும்போது உள்ளே இறங்கினாலோ தகடு போய்விட்டது. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, முன் ஷாக் அப்ஸார்பரின் தலை உட்காரும் இடம், பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் மாட்டும் இடம் ஆகியவற்றைக் கட்டாயம் பாருங்கள். ஏற்கெனவே பட்டி போட்டு மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது. ஃபெண்டர், பானெட், கதவில் துரு இருந்தால் கவலை வேண்டாம், அவை கழற்றி மாட்டுகிற சாமான்கள். ஷாக் அப்ஸார்பர் உட்காரும் இடம் உளுத்துப்போயிருந்தால் மட்டும் பாசத்தை ஒதுக்கி வையுங்கள். குடும்பம் உட்கார்ந்து போகிற வண்டி அது.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். வெள்ளம் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவது வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். சரி செய்யக்கூடிய எஞ்சின் அந்த நொடியில் பாழாகலாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். தண்ணீர் சீட்டுக்குக் கீழேயே நின்றிருந்தால் நம்பிக்கை உண்டு. டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் வயரிங் கோளாறு மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

அடுத்தது கணக்கு. ரிப்பேர் செலவைப் புது வண்டி விலையோடு ஒப்பிட்டால் எந்த ரிப்பேரும் மலிவாகத்தான் தெரியும். அதே பணத்துக்கு நல்ல பாடியுள்ள இன்னொரு 800 கிடைக்குமா என்றுதான் கேட்க வேண்டும். 2014 தொடக்கம் வரை உற்பத்தியில் இருந்த வண்டி; பல நேரம் கிடைக்கும். அப்புறம் உங்கள் வண்டியின் கியர்பாக்ஸ், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் அதற்கு ஸ்பேராகிவிடும். என்னைக் கேட்டால், தரை போன வண்டிக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பலர் ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) மறந்துவிட்டு டிங்கரிங் வேலைக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 5,000 ரூபாயானது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இதோடு பழைய வண்டிக்கான பசுமை வரியும் இன்சூரன்ஸும் சேரும். இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் சேதத்துக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி என்றாலும், ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த இழப்பாகக் கணக்கிடுவார்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

பிரிப்பது என்று முடிவானால் சக்கரங்களைக் கடைசிவரை கழற்றாதீர்கள். கழற்றிவிட்டால் வெறும் பாடிக் கூட்டை நகர்த்தவே தனி ஆளும் வண்டியும் பிடிக்க வேண்டும். கண்ணாடி, கதவு, விளக்கு, ரேடியேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். சைலன்சர் பாதையில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதில் பிளாட்டினம் வகை உலோகங்கள் உண்டு. காயலான் கடையில் இரும்பு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளூரில் விலை படியவில்லை என்றால் சுமார் 140 கி.மீ. தள்ளிச் சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டிச் சாமான் கடைகளில் விசாரிக்கலாம். வடித்த ஆயிலைக் கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். கால்வாயில் ஊற்றினால் நம் பாலாற்றுக்குத்தான் போய்ச் சேரும். தோல் பதனிடும் ஆலைக் கழிவால் அது பட்ட பாடே போதும்.

எஞ்சினை மட்டும் தனியாக விற்றால் அந்த எஞ்சின் எண் இன்னும் உங்கள் ஆர்.சி.யில்தான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவின்படி, இனி ஓடாது என்று ஆன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். பழைய கார் லோன் ஆர்.சி.யில் அப்படியே நின்றால் அதற்கு முன் பேங்கில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழ்) வாங்குங்கள். கூட்டை அரசுப் பதிவு பெற்ற ஸ்க்ராப் நிலையத்தில் கொடுத்தால் வண்டியை ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். வேறு யாரிடம் கொடுத்தாலும், சேஸிஸ் எண் இருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்து, வாங்குபவரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் பெற்ற பிறகே வண்டியைத் தூக்க விடுங்கள்.