மனிதக் கூட்டாளியோடு ஏலம் கேட்கும் பிரிட்ஜ் நிரல் எழுதுவது எப்படி?

2022 மார்ச்சில் பாரிஸில் நடந்த போட்டியில் நூக் என்ற பிரிட்ஜ் நிரல் எட்டு உலகச் சாம்பியன்களை முந்தியது. ஆனால் அந்தப் போட்டியில் ஏலமே கிடையாது. எல்லா ஆட்டத்துக்கும் 3 நோ ட்ரம்ப் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, சீட்டு இறக்கும் திறமையை மட்டும் ஒப்பிட்டார்கள். ஏலம் என்று வந்தால் எதிரில் ஒரு கூட்டாளி உட்கார்ந்திருப்பார். அவர் மனிதர் என்றால், அவருக்குப் புரியும்படி கேட்பதுதான் நிரலின் முதல் வேலை.

பிரிட்ஜ் விதிகள் தெரிந்த, ஓரளவு நிரல் எழுதப் பழகிய ஆரம்பநிலைக்காரர்களுக்கானது இந்தப் பதிவு.

படி 1: அட்டவணை

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று புள்ளி கணக்கிடுங்கள். சீட்டுக்கட்டில் மொத்தம் 40. பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் (அதாவது ஏலத்தில் கேட்கும் ஒவ்வொரு அழைப்புக்கும்) மூன்று விவரங்களை எழுதி வையுங்கள்: எத்தனை புள்ளி, எந்த வகையில் எத்தனை சீட்டு, கூட்டாளி பதில் சொல்லியே ஆக வேண்டுமா இல்லையா. உதாரணமாக, 1 நோ ட்ரம்ப் என்றால் 15–17 புள்ளி, சமமான கை (நாலு வகையும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ள கை), கூட்டாளி பாஸ் சொல்லலாம்.

அட்டவணை சின்னதாக இருக்கட்டும். மனிதர் சொன்ன 1 நோ ட்ரம்புக்கு நிரல் 2 டைமண்ட் என்று ஹார்ட்டுக்கு டிரான்ஸ்பர் கேட்கிறது, அதாவது ‘என்னிடம் ஹார்ட் நிறைய இருக்கிறது, நீங்கள் 2 ஹார்ட் சொல்லுங்கள்’ என்கிறது. அந்த ஏற்பாடு தெரியாத மனிதர் பாஸ் சொல்லிவிட்டால், இரண்டே டைமண்டை வைத்துக்கொண்டு அதையே துருப்பாக ஆட வேண்டிவரும். அதனால் எந்த ஏற்பாடுகள் வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேள்வியைத் தொட்டால் அதன் பொருள் திரையில் தெரியட்டும்.

படி 2: மறைந்த கைகளை ஊகிப்பது

மேத்யூ கின்ஸ்பர்க் 1990களில் உருவாக்கிய ஜிப் என்ற பிரிட்ஜ் நிரலின் முறை இன்றும் நல்ல தொடக்கம். இதுவரை வந்த ஏலத்துக்குப் பொருந்தும்படி மற்ற மூன்று கைகளைப் பலமுறை பகிர்ந்து பார்க்க வேண்டும் (இதைச் சோதனைப் பகிர்வு என்போம்). ஒவ்வொரு பகிர்விலும் நாலு கையும் தெரிந்தால் எத்தனை பிடி கிடைக்கும் என்று கணக்கிட்டு, சராசரியில் சிறந்த கேள்வியை எடுக்க வேண்டும். அந்தப் பிடிக் கணக்குக்கு போ ஹாக்லுண்ட் எழுதிய டிடிஎஸ் என்ற நிரல் இலவசமாகவே கிடைக்கிறது.

சிக்கல் “பொருந்தும்படி” என்பதில் இருக்கிறது. நிரல் 1 ஸ்பேட் திறக்க, மனிதர் 2 ஸ்பேட் சொல்கிறார். அட்டவணைப்படி அது 6–9 புள்ளி. ஆனால் அவர் 5 புள்ளியோடும் சொல்வார், 10 புள்ளியோடும் சொல்வார். அட்டவணையை அப்படியே நம்பும் நிரல், அவர் கையில் இல்லாத சீட்டுகளைக் கற்பனை செய்துகொண்டு மேலே ஏறிவிடும். அதனால் எல்லைக்கு வெளியே உள்ள கைகளை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். எடையைக் குறைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்குள் 1, ஒரு புள்ளி தவறினால் 0.3, இரண்டு தவறினால் 0.1 என்று தொடங்கலாம்.

படி 3: கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

அட்டவணை சொல்வதும் சோதனைப் பகிர்வு சொல்வதும் வேறுபட்டால், லாபம் கணிசமாக இருந்தால் ஒழிய அட்டவணைப்படியே போங்கள். நாலு கையையும் பார்த்துக் கணக்கிடும் முறைக்கு, விவரம் கேட்டுத் தெரிந்துகொள்வதன் அருமை தெரியாது. அதோடு, கணக்கில் ஜெயிக்கும் விசித்திரமான கேள்வியை மனிதர் வேறு விதமாகப் புரிந்துகொண்டால் அந்த லாபம் போய்விடும்.

படி 4: மீறக்கூடாதவை

சில இடங்களில் சோதனைப் பகிர்வையே ஓடவிடக்கூடாது. பதில் கட்டாயமான கேள்விக்கு எதிராளி குறுக்கிடாதவரை பாஸ் கிடையாது. ஹார்ட் துருப்பு என்று முடிவான பிறகு மனிதர் 4 நோ ட்ரம்ப் என்று ஏஸ் கேட்கிறார். நிரலிடம் ஒரு ஏஸ், 5 டைமண்ட் சொல்கிறது. அவர் 5 ஹார்ட் என்று நிறுத்தினால் நிரலின் பதில் பாஸ்தான். ஸ்லாம் வரும் என்று கணக்கு எவ்வளவு அடம்பிடித்தாலும் சரி, கேட்டவர் அவர், தீர்மானமும் அவருடையது. இதை மீறும் நிரலோடு யாரும் இரண்டாவது முறை உட்கார விரும்பமாட்டார்கள்.

படி 5: நேரம்

மனிதர் எவ்வளவு நேரம் யோசித்தார் என்பதை நிரலால் துல்லியமாக அளக்க முடியும். அதை ஏல முடிவுக்குள் கொண்டுவரவே கூடாது. கூட்டாளியின் தயக்கத்திலிருந்து பயன்பெறுவதை டூப்ளிகேட் பிரிட்ஜின் 16ஆம் விதி தடுக்கிறது. அந்த எண்ணை ஏலப் பகுதிக்கு அனுப்பாமலே விடுங்கள்.

படி 6: சோதித்தல்

நாலு பக்கமும் நிரலையே உட்காரவைத்துச் சோதித்தால் மேலே சொன்ன கோளாறு எதுவும் தெரியாது. நிரலுக்கு நிரல் சொல்வது அப்படியே புரியும். மனிதர்களோடு ஆடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கையில் உண்மையில் என்ன இருந்தது என்று குறித்துவைத்து, இரண்டாம் படியின் எடைகளை அதற்கேற்ப மாற்றுங்கள்.