லேப்டாப் வை-ஃபை: 54, 72, 433 என்ற எண்களைப் படிப்பது எப்படி?

பிளான் 200 எம்பிபிஎஸ், ரூட்டரும் புதிது, ஆனால் லேப்டாப்பில் 40-க்கு மேல் ஏறவில்லையா? இணைய நிறுவனத்துக்குப் போன் போடும் முன் விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வை-ஃபை என்று போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். புரோட்டோகால், நெட்வொர்க் பேண்ட் (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை), லிங்க் ஸ்பீடு ஆகிய மூன்று வரிகள்தான் நமக்கு வேண்டியவை.

புரோட்டோகாலில் 802.11-ஐ ஒட்டி வரும் எழுத்து தலைமுறையைக் காட்டும். 'என்' வை-ஃபை 4, 'ஏசி' வை-ஃபை 5, 'ஏஎக்ஸ்' வை-ஃபை 6. ரூட்டர், லேப்டாப் இரண்டில் எது பழையதோ அதன் தலைமுறையில்தான் இணைப்பு அமையும்.

லிங்க் ஸ்பீடு, அதாவது ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான வேகம் (எம்பிபிஎஸ்ஸில்), இன்னும் தெளிவாகப் பேசும். 72 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒற்றை ஆன்டெனா. 144 என்றால் இரண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் 'ஏசி'யில் ஒற்றை ஆன்டெனாவுக்கு 433, இரண்டுக்கு 866. 'ஏஎக்ஸ்' இரண்டு ஆன்டெனாவுடன் 1201. இதில் ஏறக்குறைய பாதிதான் டவுன்லோடில் கிடைக்கும் என்பதால், 72 காட்டும் லேப்டாப்பில் 40 வருவது கோளாறே இல்லை.

எண் 54-இல் நின்றால் ரூட்டரின் செக்யூரிட்டி அமைப்பைப் பாருங்கள். டிகேஐபி அல்லது டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறை இருந்தால் 'என்' தொடங்கி வந்த புதிய வேகங்கள் எதுவும் இயங்காது. டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் என்று மாற்றினால் போதும், செலவே இல்லை.

5 கிகாஹெர்ட்ஸ் வசதியுள்ள லேப்டாப் 2.4-ஐயே பிடித்துக்கொண்டால், ரூட்டரில் இரண்டு பேண்டுக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் வை-ஃபை கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் ப்ரிஃபர்டு பேண்ட் இருந்தால் 5-ஐத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டிய அறையில் மட்டும் 2.4-தான் நிலையாக நிற்கும்.

கார்டே பழையதென்றால் மாற்றலாம், மதர்போர்டோடு சால்டர் செய்யப்படாமல் இருந்தால். இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்: இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகிய வை-ஃபை கார்டுகள் இரண்டும் அதற்கேற்ற இன்டெல் பிராசசரோடு மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி பிராசசர் உள்ள லேப்டாப்புக்கு ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்குங்கள். ஆன்டெனா ஒயரின் முனையை நேர்மேலிருந்து அழுத்திப் பொருத்த வேண்டும், சாய்த்தால் நசுங்கிவிடும். வை-ஃபை 6 ரூட்டரின் பக்கத்திலேயே 1201-க்குப் பதில் 600 காட்டினால், முதலில் அந்த ஒயர்களில் ஒன்று கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.