குமரியில் எங்கே தங்குவது?

குமரி மாவட்டத்துக்குக் குடும்பத்தோடு வந்தால் அறையை நாகர்கோவிலில் எடுங்கள்; காலையில் மலைப்பக்கம், மாலையில் கடற்கரை. கன்னியாகுமரி இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். மலைப்பக்கத்துத் திற்பரப்பு அருவியும் பேச்சிப்பாறை அணையும் எதிர்த்திசை. கன்னியாகுமரியில் தங்கினால் மலைப்பக்கம் போக வர 40 கிலோமீட்டர் கூடுதல், வண்டி வாடகையும் ஏறும். கால்வாய் நீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல், 115 அடி உயரத்தில், நிழலே கிடையாது. நண்பகலில் பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். காலையில் என்றால் தென்னை உச்சிகளைக் குனிந்து பார்த்தபடி நிதானமாக நடக்கலாம். சாயங்காலம் முட்டம் கடற்கரைப் பாறைகளில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பாருங்கள். கன்னியாகுமரிக் கூட்டத்துக்கு இது எவ்வளவோ மேல்.

சூரிய உதயம் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு நாகர்கோவில் சரிவராது, ஓர் இரவு கன்னியாகுமரியிலேயே தங்குங்கள். அப்புறம், பலத்த மழை நாட்களில் திற்பரப்பில் குளிக்க விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.