பின்கதவு இருக்கிறதா? லினக்ஸ் சர்வர் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு

லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக வெளியாள் உள்ளே நுழைய உதவும் பின்கதவு மறைந்திருந்ததை, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச் 29 அன்று அறிவித்தார். உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமானதே அவருக்குக் கிடைத்த துப்பு. வைரஸ் தடுப்பான் எதுவும் அதைக் காட்டித் தரவில்லை.

அதைப் புகுத்தியவர், ஜியா டான் என்ற பெயரில் ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கை பெற்றவர் என்பதும், அதை இயக்கிவைக்கும் வரிகள் பொதுவில் உள்ள மூலநிரலில் இல்லாமல் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன என்பதும் கவனிக்கத்தக்கவை. நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும் திறமூலம் என்பதாலேயே யாரோ படித்துப் பார்த்திருப்பார்கள் என்று நம்புவது, என் பார்வையில், சோம்பலுக்கு இன்னொரு பெயர்.

உங்கள் சர்வரில் அப்பதிப்புகள் நிறுவப்பட்டிருந்தால், உங்கள் லினக்ஸ் வழங்குநரின் அறிவிப்பைப் பார்த்துத் திருத்திய பதிப்புக்கு மாறுங்கள். அந்த நிலையில் சர்வரின் எஸ்எஸ்எச் இணையத்துக்குத் திறந்திருந்ததெனில், முழுவதுமாக மீண்டும் நிறுவுவதே பாதுகாப்பானது. எஸ்எஸ்எச் நுழைவை எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடாமல், தெரிந்த ஐபி முகவரிகளுக்கோ விபிஎன் என்ற தனியார் இணைப்புக்கோ மட்டும், ஃபயர்வால் என்ற தடுப்பரணில் அனுமதியுங்கள். அடுத்த பின்கதவு எந்த மென்பொருளில் வந்தாலும், அதைத் தட்டிப் பார்க்கக்கூடியவர்களின் எண்ணிக்கை இதனால் வெகுவாகக் குறையும்.