தரையில் ஒரு சமையலறை: மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கியைப் படிக்கும் முறை

கட்டட வரைபடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வந்ததும் பெஞ்சுகளை ஓரம் தள்ளச் சொல்லி, தரையில் ஒரு செவ்வகம் போட வைப்பேன். அகலம் 1.90 மீட்டர், நீளம் 3.40 மீட்டர். அடிக்கணக்கில் 6 அடி 3 அங்குலத்துக்கு 11 அடி 2 அங்குலம். வியன்னாக்காரரான பெண் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி (கல்யாணத்துக்குப் பிறகு ஷுட்டே-லிஹோட்ஸ்கி) 1926-இல் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வரைந்த சமையலறை இது. சுமார் 10,000 வீடுகளில் கட்டினார்கள். நீங்களும் போட்டுப் பாருங்கள். டேப், சாக்பீஸ், ஒரு நூல்கண்டு போதும்.

குறுகிய சுவரில் ஜன்னலைக் குறியுங்கள். அதன் கீழே வேலை மேசை, உட்கார்ந்து நறுக்க ஒரு சுழல் ஸ்டூல். நீளச் சுவர்களில் ஒன்றில் அடுப்பு, எதிரே பாத்திரம் கழுவும் தொட்டி. அடுப்புப் பக்கமே தள்ளுகதவு, அதைத் தாண்டினால் கூடம். அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் 3 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது அவர் கணக்கு.

இப்போது ஒருவரை உள்ளே நிறுத்துங்கள். நூலின் ஒரு முனையை மேசைக் கோட்டில் ஒட்டிவிட்டு, கண்டைக் கையில் கொடுத்து, காய் கழுவி, நறுக்கி, அடுப்பில் ஏற்றி, பரிமாறுவது வரை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். நடந்த தூரம் நூலாகத் தரையில் கிடக்கும். அதை அளந்துகொண்டு, உங்கள் வீட்டுச் சமையலறையிலும் இதையே செய்யுங்கள். இந்த வித்தியாசத்தைத்தான் அவர் ஸ்டாப்வாட்ச் வைத்துத் தேடினார். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி.

மாவு இழுப்பறையை ஓக் மரத்தில் செய்யச் சொன்னார், புழு அண்டாதென்று. விளக்கு கூரையில் ஒரு தண்டவாளத்தில் நகரும். எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு: இதை வரையும் வரை தான் சமைத்ததே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணின் நேரத்தைப் பற்றி யோசிக்க, கரண்டி பிடித்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து இரண்டாவது ஆளையும் உள்ளே அனுப்புங்கள். இடித்துக்கொள்வார்கள். பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று பின்னாளில் வந்த விமர்சனம் இதுதான். அது நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன்.

சாக்பீஸை உடனே அழிக்காதீர்கள். அதைச் சுற்றி உட்கார்ந்து மீதி வாழ்க்கையைப் படியுங்கள். 1930-இல் சோவியத் நாட்டுக்குப் போனார், பிறகு இஸ்தான்புல். நாஜிகளை எதிர்க்கும் ரகசிய வேலைக்காக 1940 டிசம்பரில் வியன்னா திரும்பினார். சில வாரங்களில், 1941 ஜனவரியில், நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ பிடித்தது. 15 ஆண்டு சிறைத்தண்டனை. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை விடுவித்தது. கம்யூனிஸ்ட் என்பதால் போருக்குப் பிறகு சொந்த ஊரிலேயே அரசின் கட்டட வேலைகள் அதிகம் தரப்படவில்லை. கிடைத்த கொஞ்சத்தில் அவர் கட்டிய கப்பௌன்பிளாட்ஸ் மழலையர் பள்ளியின் படத்தைத் தேடிப் பாருங்கள். சமையலறையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

வியன்னா போக வாய்த்தால் மாக் அருங்காட்சியகத்தில் இந்தச் சமையலறையின் மறுஆக்கம் இருக்கிறது. உள்ளே நின்று கையை நீட்டிப் பாருங்கள். அங்கிருந்து 5-ஆவது வட்டாரத்துக்குப் போனால், பிரான்சென்ஸ்காஸே தெருவில், தனக்கென்று அவர் வரைந்த வீடு. 2000 ஜனவரியில், 103 வயதுக்கு ஐந்து நாள் இருக்கும்போது இறக்கும் வரை அதில்தான் குடியிருந்தார்.