கழிவுநீர்ப் பொறியியலும் நகரத் திட்டமிடலும்: எங்கிருந்து தொடங்குவது?

"இவ்வளவு படித்துவிட்டுச் சாக்கடை வேலையா?" என்று கேட்கும் உறவினர் பினாங்கிலும் உண்டு, கோலாலம்பூரிலும் உண்டு. அவருக்குப் பதில் சொல்வதை ஒத்திவைத்துவிட்டு, படிப்பைக் கவனியுங்கள். சிவில், வேதியியல், சுற்றுச்சூழல் பொறியியல் ஆகிய மூன்றும் இத்துறைக்கு வழிவிடும். குழாய் அமைப்பை வடிவமைக்க விரும்புவோருக்குச் சிவிலே வசதியானது. சேரும் முன், அந்தப் பட்டப்படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டம் பெற்றதும் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்துகொண்டால்தான், தொழில்முறைப் பொறியியலாளர் தகுதியை நோக்கி நகர முடியும்.

திட்டமிடலையும் கழிவுநீரையும் இணைக்கும் கணக்கைப் பல்கலைக்கழகத்திலேயே கைப்பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. 1,000 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு அனுமதி கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மலேசிய வழக்கப்படி வீட்டுக்கு 5 பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று கொண்டால், நாளுக்கு 1,125 கன மீட்டர் கழிவுநீர் வரும். ஆனால் குழாயின் அளவைத் தீர்மானிப்பது இந்தச் சராசரி அன்று. எல்லோரும் குளித்துக் கிளம்பும் காலைநேரத்து உச்ச ஓட்டமே. இந்த மக்கள்தொகைக்கு உச்ச ஓட்டம் சராசரியைப் போல ஏறத்தாழ 4 மடங்கு, அதாவது விநாடிக்குச் சுமார் 51 லிட்டர். திட்ட வரைபடத்தில் குடியிருப்பு அடர்த்தியை ஒருவர் இரட்டிப்பாக்கினால், தெருவுக்கு அடியில் ஏற்கெனவே கிடக்கும் குழாய் அதைத் தாங்குமா என்று கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஆகவே சட்டத்தையும் படிக்க வேண்டும். பினாங்கின் திட்டமிடல் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழும், கோலாலம்பூருடையது 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச (திட்டமிடல்) சட்டத்தின் கீழும் நடைபெறுவதால், ஓர் ஊரில் பழகியவர் மற்றோர் ஊருக்கு மாறும்போது நடைமுறையைப் புதிதாகக் கற்க நேரும். சுத்திகரித்த நீரின் தரத்தை 2009ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தர (கழிவுநீர்) விதிமுறைகள் வரையறுக்கின்றன. புதிய சுத்திகரிப்பு ஆலைகளைப் பொறுத்தவரை, ஆற்றோட்டத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் விடுவதானால், உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க வேண்டிய ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; மற்ற இடங்களில் 50 வரை அனுமதி. ஆலையை எங்கே அமைப்பது என்பதே பாதிச் செலவைத் தீர்மானித்துவிடுகிறது என்பது என் எண்ணம். நிலம் கிடைக்காத கோலாலம்பூரில், பந்தாய் ஆலையின் பெரும்பகுதியைப் பூமிக்கடியில் இறக்கி, மேலே பூங்கா அமைத்ததை இந்தக் கண்ணோடு பார்த்து வாருங்கள்.

முதல் வேலையை ஆலோசனை நிறுவனத்தின் குளிரூட்டிய அறையில் தேடாமல், ஆலை இயக்கத்திலோ குழாய்ப் பராமரிப்பிலோ தேடுமாறு சொல்வேன். நாசி கண்டார் கடைகளின் எண்ணெய் குழாய்க்குள் எப்படிக் கல்லாக இறுகுகிறது என்பதை எந்தப் பாடநூலும் காட்டாது. மலேசியாவில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. அப்படியிருந்தும் அடைமழை நாளில் ஆலையின் ஓட்டமானி ஏறும்; மழைநீர் எங்கோ கழிவுநீர்க் குழாய்க்குள் புகுகிறது என்று பொருள். உடைந்த குழாய் இணைப்பா, ஆள்நுழை குழியின் மூடியா, யாரோ கூரை நீரைத் தவறாக இணைத்துவிட்டார்களா என்று தெருத்தெருவாகத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை கிடைத்தால், மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.